பையில் முட்டை கொண்டுவந்த கண்டக்டர்

கோவிந்தராஜ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். போனில் அவர் மனைவி சரோஜா அண்ணி. அழவில்லை. அவருடைய சாதாரணக் குரலில், "மல்லிகா, உங்க அண்ணன் போயிட்டாரு. பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு இருந்தாராம், அப்படியே சாஞ்சிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "மேல முட்டை விரிசல் வுட்டிருக்குது. காலைல போறப்ப சொன்னாரு, சாயந்தரத்துக்குள்ள குஞ்சு வந்துரும், யாரையும் மேல வுடாத, சத்தம் ஆவாம பாத்துக்கோன்னு. அதான் அவரு எங்கிட்ட பேசுன கடைசிப் பேச்சு. இங்க ஊரே வந்து நிக்குது. நீ வா."

கத்தரிக்கோலை வைத்தேனா, கடையைப் பூட்டினேனா என்பது இன்றுவரை நினைவில் இல்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி போகும் வண்டியில் உட்கார்ந்த பிறகுதான், அது அவருடைய வண்டி என்பதும், பையை மாட்டிக்கொண்டு நிற்பவர் வேறு யாரோ என்பதும் உறைத்தது. அங்கேதான் எனக்கு முதல் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஏனென்று கேட்கவில்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வண்டியில் போய்வந்த உங்களுக்கெல்லாம் அவரைக் கண்டக்டராகத் தெரியும். கூடையைத் தூக்கிக் கொடுப்பார், பள்ளிப் பிள்ளைகளை உள்ளே தள்ளி நிற்கச் சொல்வார், கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்கும். எனக்கு அவரைக் காக்கட்டீல் பறவைகள் வழியாகத் தெரியும். சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த அந்தச் சின்னக் கிளிகளை அவர் அதியமான்கோட்டை வீட்டு மாடியில் வளர்த்தார். நான் கடைக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டில் ஒரு ஜோடி வளர்த்தேன். ஒருநாள் தினைப் பையோடு வண்டி ஏறினேன். "டெய்லரம்மா, இவ்வளவு தினை யாருக்கு?" என்று கேட்டார். பறவைக்கு என்றேன். அதன் பிறகு எனக்குப் படிக்கட்டு அருகில் இருக்கும் ஒற்றை இருக்கைதான். அவர் நின்றபடியே பேசுவார், நான் இறங்கும்வரை பறவைப் பேச்சு.

நாங்கள் ஒத்துப்போனதைவிட சண்டை போட்டதே அதிகம். முட்டைக்குள் கரு இருக்கிறதா என்று நான் அடிக்கடி டார்ச் அடித்துப் பார்ப்பேன். அது அவருக்கு ஆகாது. "வயித்துல புள்ளைய வெச்சிருக்கறவள தினம் ஸ்கேனுக்கு இழுத்துட்டுப் போவியா நீ?" என்பார். கூட்டுப் பெட்டியைச் சும்மா திறந்து பார்ப்பதும் ஆகாது. திறப்பதற்கு முன்னால் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். தட்டிவிட்டு நிற்பார். உள்ளே இருக்கும் பறவை எழுந்து, முட்டையை விட்டு நகர்ந்துகொள்ளும் சத்தம் கேட்டபிறகுதான் மூடியைத் தூக்குவார். "திடீர்னு தொறந்தா பயந்து துள்ளும். துள்ளுனா முட்டையில நகம் படும். உள்ள ஆள் இருக்குது டெய்லரம்மா, கேட்டுட்டுத் தொற" என்பார். கண்டக்டர் குணம், பெட்டிக்கும் கதவு தட்டுகிறார் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

ஆனால் ஒருமுறை கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் முட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பறவை காலையில் செத்துக் கிடந்தது. ஆண் பறவை மிரண்டு போய்ப் பெட்டிக்குள் இறங்க மறுத்துவிட்டது. முட்டைகளில் உயிர் இருந்தது. என் வீட்டு ஜோடியும் அப்போது அடையில் இருந்தது, அதன் கீழே வைத்தால் இவையும் பிழைக்கும். "வர்றன்" என்று மட்டும் போனில் சொன்னார். அன்றைக்குப் பாப்பாரப்பட்டிச் சந்தை. வண்டியில் காற்றுப் புகவும் இடமில்லை. அவர் தோல்பையில் இருந்த சில்லறையெல்லாம் சட்டைப் பையிலும் டிரைவரின் டவலிலும் கிடந்தது. தோல்பைக்குள் வெந்நீர் நிரப்பிய சின்ன பாட்டில், அதன் மேல் பஞ்சு, பஞ்சுக்குள் முட்டைகள். கூட்டம் நெருக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகைக் கொடுத்தாராம். "யோவ் கண்டக்டர், சீட்டு குடுய்யா" என்று ஒருவர் கத்த, "பையில கைய வுட முடியாது, உசுரு இருக்குது" என்றாராம். பாம்பு என்று நினைத்து அந்தப் பக்கமே காலியாகிவிட்டது என்று டிரைவர் காதர் பாய் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் கடை வாசலில் வந்து நின்றவர் முகத்தில் சிரிப்பு இல்லை. முட்டையைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

அந்த முட்டைகளில் ஒன்றுதான் பொரிந்தது. இறகு வந்து, தானாகத் தின்னப் பழகியதும் அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. ஆண் பறவை. வருகிற போகிறவர்களை எல்லாம் தலையைச் சாய்த்து மேலும் கீழும் பார்க்கும் என்பதால் செக்கர் என்று பெயர் வைத்தார். மாடியில் தெருவைப் பார்த்த பக்கம் அதற்குத் தனிக் கூண்டு. செக்கர் அவர் விசிலைக் கற்றுக்கொண்டது. பேருந்தில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும், ஒரு நீள விசில் என்றால் நிறுத்து, இரண்டு குட்டை விசில் என்றால் ரைட், போகலாம். செக்கருக்கு வந்தது நீள விசில் மட்டும். கூண்டு முன்னால் நின்று இரண்டு விசிலை அடித்து அடித்து அவர் வாய் ஓய்ந்துபோனது. "எனக்குன்னு வந்து வாய்ச்சுது பாரு. வண்டிய நிறுத்தத் தெரியுது, எடுக்கத் தெரியல" என்று அலுத்துக்கொள்வார். அலுப்பில் அத்தனை பெருமை இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு, காலடியில் சாம்பிராணிப் புகை. அந்தப் புகை மாடிப்படி வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பறவைக்கு நுரையீரல் சின்னது, புகை ஆகாது. அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நான் மேலே ஓடி, படிக்கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி அடைத்தேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்குக் கிறுக்கு என்றிருப்பார்கள். பெட்டியில் இரண்டு தட்டு தட்டினேன். உள்ளே இருந்த ஆண் பறவை சீறியது. இந்த இனத்தில் பகலில் ஆண்தான் அடைகாக்கும். அது நகர்ந்ததும் பார்த்தேன். ஒரு முட்டையில் ஓட்டைச் சுற்றிப் பாதி தூரம் உடைந்திருந்தது. இன்னொன்றில் சின்ன விரிசல். காதைக் கொண்டுபோனால் முட்டைக்குள்ளிருந்து கிச் கிச் என்று சத்தம் கேட்டது.

இந்த ஜோடிக்கு ஒரு கதை உண்டு. போன ஆண்டு தெருக் கோயில் திருவிழாவில் வீட்டு வாசலுக்கு நேராகச் சரவெடி வைத்தார்கள். பெட்டிக்குள் இருந்த பறவை மிரண்டு, வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே அடித்துக்கொண்டது. எல்லா முட்டைகளும் நசுங்கின, அவற்றில் இரண்டு அன்றோ மறுநாளோ பொரியவேண்டியவை. நான் பார்க்கப் போனபோது அண்ணன் மாடித் தரையில் உட்கார்ந்திருந்தார். "சாமி மேல எனக்குக் கோவம் இல்ல டெய்லரம்மா. வெடி வாங்க நானும்தான வரி குடுத்தன்" என்றார். அதன் பிறகு அந்தப் பெண் பறவை இட்டதெல்லாம் கூமுட்டை. சத்து குறைந்ததோ என்று கடல்நுரை ஓடு வாங்கித் தொங்கவிட்டார், முளைகட்டிய பயறு கொடுத்தார், பெட்டியை இடம் மாற்றினார். கடைசியாக இந்த முறைதான் முட்டைகளில் கரு பிடித்திருந்தது. அது தெரிந்த அன்றைக்கு எனக்கு போன் செய்தவர் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

கீழே இறங்கி வந்தால் வாசலில் தப்பட்டை இறங்கிக்கொண்டிருந்தது. வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுகிறார்கள். பக்கத்தில் ஒரு சாக்குப் பை நிறைய வெடி. அண்ணனுடைய மூத்த அண்ணன் முனுசாமி வத்தல்மலை அடிவாரத்தில் விவசாயம் பார்க்கிறவர். தம்பியை மேளதாளத்தோடு அனுப்பவேண்டும் என்று அவரே போய் அழைத்து வந்திருந்தார். அதில் தப்பு என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் சாவு வீட்டில் மேளம் இல்லையென்றால் செத்தவருக்கு ஆள் இல்லை என்று அர்த்தம்.

சரோஜா அண்ணி எழுந்து போய் அவர் முன்னால் நின்றார். "மாமா, மேளம் வேணாங்க. வெடியும் வேணாங்க."

"என்னம்மா சொல்ற?"

"மேல முட்டை பொரியுதுங்க. அவரு சொல்லிட்டுப் போனாருங்க."

முனுசாமி அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. "நாலு குருவி முட்டைக்கோசரம் என் தம்பிய அனாதையாட்டம் தூக்கிட்டுப் போவணுமா? நாளைக்கு ஊர்ல என்னை என்ன கேப்பாங்க? அண்ணங்காரன் செலவுக்குப் பயந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"நான் சொல்றன் மாமா, நான்தான் வேணான்னன்னு."

"நீ இப்ப எந்த நெனப்புல இருக்கறன்னே தெரியல. போ, போய் அவன் பக்கத்துல உக்காரு."

கூட்டத்தில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு வார்த்தை சொல்லப் போய், "நீங்க யாருங்க?" என்ற ஒரே கேள்வியில் வாயை மூடிக்கொண்டேன். நியாயம்தானே, நான் யார்? வாசலில் ஒருவர் தப்பட்டையில் விரலால் சுண்டிப் பதம் பார்த்தார். அந்தச் சின்னச் சத்தத்துக்கே நான் மாடியை அண்ணாந்து பார்த்தேன். அண்ணி மாடிப்படியின் முதல் படியில் போய் நின்றுகொண்டார். புருஷன் தலைமாட்டில் உட்காரவேண்டியவர் படியை அடைத்துக்கொண்டு நிற்கிறார். பார்க்கவே பயமாக இருந்தது.

முனுசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக அவரிடம் வந்தார். "வழி வுடு. அந்தப் பொட்டியத் தூக்கிப் பக்கத்து வூட்டுல வெச்சிட்டு வர்றன். அதோட முடிஞ்சுது." அண்ணி நகரவில்லை. விரிசல் விட்ட முட்டையோடு பெட்டியை அசைத்தால் எல்லாம் போயிற்று. காதர் பாய் குறுக்கே வந்து, "அண்ணே, தூக்கறதுக்கு மின்னாடி ஒரு வாட்டி பாத்துருங்க. பாத்துட்டு என்ன வேணா பண்ணுங்க" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல விலகினார்.

மேலே ஏறிய முனுசாமி அண்ணன் பின்னாலேயே நான் ஓடினேன். பெட்டியை நோக்கி இரண்டு கையையும் நீட்டியவரிடம், "அண்ணா, தட்டிட்டுத் தொறங்க. உங்க தம்பி அப்படித்தான் தொறப்பாரு" என்றேன். எப்படி அந்த தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அவர் என்னை முறைத்தார். முறைத்துவிட்டு, தடித்த விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். உள்ளே அசையும் சத்தம். மூடியைத் தூக்கினார். ஆண் பறவை ஓரமாக ஒதுங்கி, கொண்டையை விறைத்து, உடம்பை ஆட்டி ஆட்டி அவரைப் பார்த்துச் சீறியது. ஓடவில்லை.

"இது ஆம்பளையாங்க?" என்றார்.

"ஆமாங்க. பகல் பூரா இதுதான் உக்காரும். பொம்பள சாயந்தரமாத்தான் வரும்."

அவர் குனிந்தார். முட்டைக்குள்ளிருந்து கிச் கிச் என்று கேட்டது. கீழே யாரோ வந்து ஒப்பாரி எடுக்க, பறவை வெடுக்கென்று முட்டைகளின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. முனுசாமி அண்ணன் மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினார். கொஞ்ச நேரம் பெட்டியின் மேல் கையை வைத்தபடியே நின்றார். "எங்கம்மா செத்தப்ப இவன் கைக்கொழந்த. நான்தான் தூக்கிட்டுத் திரிஞ்சன்" என்றார். என்னிடம் சொன்னாரா, யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கீழே போய் மேளக்காரர்கள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டார். "மெயின் ரோடு தாண்டி அடிச்சிக்கலாமுங்க. இங்க வேணாம்" என்றார். வெடிச் சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு போய் டெம்போவில் போட்டார். ஊர் முணுமுணுத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் எடுத்தார்கள். மேளமில்லாமல் ஒரு பிணம் தூக்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். செருப்புச் சத்தம் கேட்கிறது, மூச்சு வாங்குவது கேட்கிறது. பாடையின் முன்பக்கம் வலதுபுறம் காதர் பாய் தோள் கொடுத்திருந்தார். டிரைவர் உட்காரும் பக்கம். இடதுபுறம் முனுசாமி அண்ணன். வாசலைத் தாண்டித் தெருவில் சில அடிகள்தான் வைத்திருப்பார்கள்.

மாடியிலிருந்து ஒரு நீள விசில் வந்தது.

காதர் பாய் நின்றுவிட்டார். நினைத்து நின்றதல்ல அது, எத்தனையோ வருடமாக அந்த விசிலுக்கு பிரேக் மிதித்த கால். அவர் நின்றதால் பாடை நின்றது, பாடை நின்றதால் தெரு நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். செக்கர் தலையைச் சாய்த்துக்கொண்டு கீழே பார்த்தது. ஒருவர், "நடங்கப்பா" என்றார். காதர் பாய் நகரவில்லை. கண்ணீர் தாடியில் வழிகிறது, துடைக்கக் கை இல்லை. "ரைட் வரல" என்றார். செக்கருக்கு இரண்டு விசில் தெரியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாசலில் பெண்களோடு நின்றிருந்த சரோஜா அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாடைக்குப் பக்கத்தில் வந்தார். பாடையின் மூங்கிலில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். "ரைட் பாய்" என்றார். "போலாம்."

போனார்கள். மெயின் ரோட்டுக்கு அப்பால் போய்த் தப்பட்டை எழுந்தது. அங்கிருந்து வந்த சத்தம் மாடியை எட்டும்போது மழைக்கு முந்தைய முணுமுணுப்பு அளவுக்குத்தான் இருந்தது.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். அண்ணி தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு நேராக மாடிக்குப் போனார். நான் பின்னால் போனேன். பெட்டிக்குள் அப்போது பெண் பறவை வந்திருந்தது. அண்ணி தட்டினார், நின்றார், திறந்தார். காலி ஓடு ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் ரோமம் ஒட்டிய, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு உயிர், தூக்க முடியாத தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அவரு சொன்னதச் செஞ்சிட்டன் மல்லிகா" என்று சொல்லி, அந்த மாடித் தரையில் உட்கார்ந்து, அப்போதுதான் அண்ணி அழுதார். சத்தம் வராமல் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் மூடியை இறக்கிவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன்.

மற்ற குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு முட்டை மட்டும் பொரியவில்லை. பறவைகளை யாருக்கும் கொடுப்பதில்லை என்று அண்ணி சொல்லிவிட்டார். முனுசாமி அண்ணன் மலையடிவாரத்திலிருந்து சாமையும் தினையும் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார். "குருவிக்குத்தான், வேற எதுக்கும் இல்ல" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார். மாடிக்குப் போய்ப் பார்க்காமல் அவர் ஊர் திரும்புவதில்லை.

கோவிந்தராஜ் அண்ணனுடைய பறவை எதையும் நான் கேட்கவில்லை. என்னிடம் அவர் விட்டுப்போனது அந்த இரண்டு தட்டு. என் வீட்டு ஜோடி இப்போது மறுபடியும் முட்டை இட்டிருக்கிறது. டார்ச்சை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டேன். பெட்டி முன்னால் போய் நின்று இரண்டு தட்டு தட்டுகிறேன். தட்டிவிட்டு நிற்கிறேன், அண்ணா. உள்ளே நகரும் சத்தம் கேட்டபிறகுதான் திறக்கிறேன்.